சிறு தீவில் சூரிய மின்சாரத்தால் கடல்நீர் ஆர்.ஓ. ஓட்டுவதற்குப் பேட்டரி கட்டாயம் வேண்டுமா?

திருமங்கலத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள், கல்லூரி விடுதிகள், கப்பலூர்த் தொழிற்பேட்டையின் சில பட்டறைகள் ஆகியவற்றுக்கு 14 ஆண்டுகளாக ஆர்.ஓ. இயந்திரங்களை அமைத்துப் பராமரித்து வருகிறேன். அண்மைக் காலமாக மாடிகளில் சோலார் பேனல் பொருத்தும் வேலையையும் சேர்த்துச் செய்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் 1,500, 2,000 என்று டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) பார்த்துப் பழகிய என்னிடம், இப்போது 35,000 டி.டி.எஸ். உள்ள தண்ணீர் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

என்னோடு மதுரையில் படித்த நண்பர் ஒருவர் லட்சத்தீவுகளில் ஒரு சிறிய தீவைச் சேர்ந்தவர். அங்கே ஒரு பள்ளியும் அதைச் சுற்றிய குடியிருப்புமாகச் சேர்த்து ஏறத்தாழ 500 பேர் இருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து சில மாதங்கள் வரை கிணற்றுத் தண்ணீர் குடிக்கத்தக்கதாக இருக்கிறது. மாசி, பங்குனியில் உப்பு ஏறத் தொடங்கிவிடுகிறது. மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது, அந்த டீசலோ கப்பலில் வருகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லை, கடலுக்கும் பஞ்சமில்லை, இரண்டையும் சேர்த்துத் தண்ணீர் எடுக்க முடியாதா என்று நண்பர் கேட்கிறார்.

என் கணக்கைச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். ஊரகக் குடிநீருக்கு அரசு வைத்திருக்கும் அளவு ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர். 500 பேருக்கு 27,500 லிட்டர். சிறிய கடல்நீர் இயந்திரங்கள் ஆயிரம் லிட்டருக்கு 8 யூனிட் மின்சாரம் கேட்கும் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 220 யூனிட் வேண்டும். ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக 4 யூனிட் தருவதால் 55 கிலோவாட் பேனல் போதும். ஆனால் உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வான மெம்பிரேனை அடிக்கடி நிறுத்தி ஓட்டக் கூடாது என்று படித்திருப்பதால், நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டலாம் என்று எண்ணினேன். அப்படியானால் வெயில் இல்லாத நேரத்துக்கு 150 யூனிட் அளவுக்குப் பேட்டரி வைக்க வேண்டியிருக்கிறது. உப்புக்காற்றில் அந்தப் பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்பது ஒரு பக்கம், அதன் விலையைப் பார்த்தவுடன் நண்பரிடம் பேசவே தயக்கமாக இருக்கிறது.

பேட்டரி இல்லாமல் ஓட்ட வழி உண்டா என்பதே என் முதன்மையான கேள்வி. லட்சத்தீவுகளில் அரசு அமைத்த நிலையங்கள் ஆர்.ஓ. முறையில் இல்லை என்கிறார்கள். அவர்கள் ஏன் வேறு வழியில் போனார்கள் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளர், கே.கே.நகர்:

தம்பி, உங்கள் கணக்கில் கூட்டல் பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது, தொடங்கிய இடம்தான் தவறு. கடலோர ஆலைகளின் நீர்ப் பிரிவுகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடல்நீரை நன்னீராக்கும் திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எவ்வளவு தண்ணீரை நன்னீராக்க வேண்டாம் என்பதுதான்.

55 லிட்டரில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேண்டியது 10 லிட்டர் அளவுதான். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, கழிப்பறைக்கு ஊற்றச் சற்று உப்பேறிய கிணற்றுத் தண்ணீரே போதும். ஆக, 500 பேருக்கு 5,000 லிட்டர். பள்ளி, விருந்தினர், திருமணம், துக்கம் என்று கூட்டி 8,000 லிட்டருக்கு வடிவமைத்துக்கொள்ளுங்கள். இதிலும் மழையைக் கழிக்க வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 80,000 லிட்டர், அதை இறக்கி வைத்துக்கொள்ள ஒரு யூனிட் மின்சாரமும் வேண்டாம். மேகம் மூடிப் பேனல் சுணங்கும் மாதங்களில்தான் கூரைத் தண்ணீர் கிடைக்கிறது என்பது தீவுக்காரர்களுக்கு இயற்கை செய்து கொடுத்த ஒத்தாசை.

அடுத்து, ஆயிரம் லிட்டருக்கு 8 யூனிட் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பல கதவுகள் திறக்கும். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு 10, 12 கிலோ அழுத்தம் போதுமானதாக இருந்திருக்கும். கடல்நீரின் ஊடுபரவல் அழுத்தமே 27 பார் அளவில் இருக்கிறது (ஒரு பார் என்பது ஏறத்தாழ நீங்கள் சொல்லும் ஒரு கிலோ அழுத்தம்). அதைத் தாண்டினால்தான் முதல் சொட்டு நல்ல தண்ணீர் மெம்பிரேனின் மறுபக்கம் வரும். உள்ளே போகப் போக உப்பின் செறிவு ஏறுவதால் நடைமுறையில் 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறோம். 60 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த அழுத்தத்துக்கு ஏற்றுவதற்கான வேலை 1.67 யூனிட். நூறு லிட்டர் உள்ளே அனுப்பினால் 35 லிட்டர்தான் நல்ல தண்ணீராக வருகிறது என்றால், ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ 2,860 லிட்டரை அழுத்த வேண்டும். அதற்கு 4.8 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 75 விழுக்காடு திறனில் ஓடினால் 6.4 யூனிட். கடலிலிருந்து இறைப்பது, வடிகட்டுவது எல்லாவற்றையும் சேர்த்தால் 7. உங்கள் 8 யூனிட் பெரிய தவறு இல்லை.

ஆனால் அந்த 2,860 லிட்டரில் 1,860 லிட்டர், ஏற்றிய அழுத்தம் அநேகமாகக் குறையாமல், கழிவு உப்புநீர் போகும் ரிஜெக்ட் குழாய் வழியாக வெளியே வருகிறது. அதை ஒரு வால்வைத் திறந்து கடலில் விடுகிறோம். மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலை அலைக்குத் தானம் செய்வதாகும் இது. பெரிய நிலையங்களில் அழுத்தப் பரிமாற்றி என்ற கருவியை வைத்து, வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தை உள்ளே வரும் கடல்நீருக்கு மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் அங்கே ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட்டில் வேலை முடிகிறது. பாதியளவு தண்ணீரைப் பிரித்தெடுக்க இயற்பியல் விதிக்கும் கீழெல்லையே 1 யூனிட்டைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கிறது. எனவே 3 யூனிட் என்பது நல்ல முன்னேற்றம். சிறிய அளவுக்கும் பிஸ்டன் வகைப் பம்போடு இணைந்த பரிமாற்றிகள் கிடைக்கின்றன. உங்கள் 8,000 லிட்டருக்கு 4 யூனிட் என்றால் 32 யூனிட். அதற்கு 8 கிலோவாட் பேனல், மேகமூட்டத்துக்குக் கூட்டி 10 கிலோவாட், அவ்வளவுதான்.

இனி பேட்டரி. நம் சீமையில் கண்மாய் வெட்டியவர்கள் மழை வரும் சில வாரங்களில் தண்ணீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் ஆண்டார்கள். அந்தப் புத்தி இங்கேயும் செல்லும். வெயில் இருக்கும் 6 மணி நேரத்தில் 8,000 லிட்டரையும் எடுத்துத் தொட்டியில் நிரப்பிவிடுங்கள். மூன்று நாளைக்கு 24,000 லிட்டர் கொள்ளும் தொட்டி இருந்தால், உங்கள் 7, 8 யூனிட் கணக்கில் அது 170, 190 யூனிட் மின்சாரத்தைத் தேக்கி வைத்ததற்குச் சமம். நீங்கள் பேட்டரியில் தேடிய 150 யூனிட் அந்தத் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது தேய்வதும் இல்லை, 8 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. 20 மணி நேரத்தில் செய்யும் வேலையை 6 மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் பம்பும் மெம்பிரேனும் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக வேண்டும். மணிக்கு 1,330 லிட்டர் எடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு 4040 மெம்பிரேனிலிருந்து (4 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உள்ளது) நீங்கள் எடுக்கும் அளவைக் கடல்நீரில் எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிலிருந்து மணிக்கு 100, 110 லிட்டருக்கு மேல் இழுத்தால் அழுக்கேறிப் போகும். ஆக 12, 13 மெம்பிரேன் வேண்டும். அப்படியும் பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் இதுவே மலிவு என்பது என் மதிப்பீடு.

மெம்பிரேனை நிறுத்தி ஓட்டக் கூடாது என்று நீங்கள் படித்தது பாதி உண்மை. நிறுத்துவதால் கெடுவதைவிட, நிறுத்திய பிறகு உள்ளே செறிவான உப்புநீரைத் தேங்க விடுவதால்தான் அது கெடுகிறது. மாலையில் நிறுத்தும்போது ஐந்து, பத்து நிமிடம் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். காலையில், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. வைத்து அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதலில் வரும் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதைத் தொட்டிக்கு விடாமல் வெளியேற்றும் தானியங்கி வால்வு வேண்டும். மேகம் திடீரென மூடும்போது அலசுவதற்கு மட்டும் அரை மணி நேரம் தாங்கும் சிறு பேட்டரி இருக்கட்டும். பேட்டரியே வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பெரிய நாடுகளில் காற்றாலையால் ஓடும் கடல்நீர் நிலையம் என்று எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு 2006இல் அமைந்த க்வினானா நிலையம் அவ்வகையில் பெயர் பெற்றது. அதற்கான காற்றாலைப் பண்ணை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காற்று நின்றாலும் மின்கட்டமைப்பு நிலையத்தை ஓட்டிவிடும், கணக்கு ஆண்டு முடிவில் சமன் ஆகும். தீவில் அந்த வசதி இல்லை. ஸ்பெயினின் கானரித் தீவுகளில் ஒன்றான எல் ஹியெரோவில் 2014இல் 11.5 மெகாவாட் காற்றாலைகளை அமைத்தபோது, மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மலைமேல் ஏற்றி வைக்கும் நீர்த்தேக்கத்தையும் சேர்த்தே கட்டினார்கள். நமக்கு அருகில் இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று முதலியவற்றைச் சேர்த்த கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் இந்திய நிதியுதவியோடு ஒப்பந்தம் ஆனது. தீவுக்கென்று அப்படி ஒரு மின்கட்டமைப்பு வந்துவிட்டால், கடல்நீர் இயந்திரத்தை மிஞ்சும் மின்சாரத்தை உண்ணும் சுமையாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் நண்பருடைய தீவில் அது வரும்வரை தனித்து ஓடும் அமைப்புத்தான்.

இயற்பியல் ஆசிரியை, உசிலம்பட்டி:

ஐயா சொன்னதற்குப் பிறகு இயந்திரத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்து யாராவது ஒருவர் "மின்சாரமே எதற்கு, வெயிலில் நேராகக் காய்ச்சி வடிக்கலாமே" என்று எழுதப் போகிறார் என்பதால் முந்திக்கொள்கிறேன். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாணவர்களாவது கண்ணாடிப் பெட்டி செய்து உப்புநீரை ஆவியாக்கிக் காட்டுகிறார்கள், பரிசும் பெறுகிறார்கள். பரிசு கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி.

இது புதிய யோசனையும் இல்லை. சிலி நாட்டின் லாஸ் சலினாஸ் என்ற இடத்தில் 1872இலேயே 4,000 சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி வேய்ந்து, சுரங்கப் பகுதியின் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் எடுத்தார்கள். நாளுக்கு ஏறத்தாழ 22,000 லிட்டர் கிடைத்தது. கிரேக்கத் தீவான பட்மோஸிலும் 1967இல் 8,600 சதுர மீட்டரில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். இரண்டு இடங்களின் பரப்பளவையும் கவனியுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடிப் பெட்டி நாளுக்கு 3 முதல் 5 லிட்டர்தான் தரும். தண்ணீர் ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பம் அவ்வளவு பெரிது. ஆயிரம் லிட்டருக்கு 600 யூனிட்டைத் தாண்டும். அதே ஒரு சதுர மீட்டரில் சோலார் பேனலை வைத்தால், இழப்புகள் போக முக்கால் யூனிட்டாவது மின்சாரம் கிடைக்கும். ஆயிரம் லிட்டருக்கு 4 யூனிட் வாங்கும் ஆர்.ஓ. இயந்திரத்தில் அதைக் கொடுத்தால் ஏறத்தாழ 190 லிட்டர். பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே மின்சாரமாக்குகிறது என்று குறை சொல்கிறோம், அந்த ஒரு பங்கே கண்ணாடிப் பெட்டியை ஏறத்தாழ நாற்பது மடங்கு அளவுக்கு வென்றுவிடுகிறது. ஆவியாக்காமல் பிரிப்பதன் பயன் அது.

அந்த மெம்பிரேனை நடைமுறைக்குக் கொண்டு வந்த இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பதை மாணவர்களிடம் சொல்லத் தவறுவதில்லை. மற்றவர் சிட்னி லோப். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் செல்லுலோஸ் அசிடேட்டில் அவர்கள் செய்த மெம்பிரேன்தான் ஆர்.ஓ. என்ற சொல்லைக் கடைவீதி வரை கொண்டு வந்தது.

லட்சத்தீவுகளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தியிலும், 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும், நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் நிலையங்களை அமைத்தது. மேற்பரப்புக் கடல்நீர் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. 350 மீட்டர் ஆழத்து நீரோ 12, 13 பாகைதான். காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்த அறைக்குள் வெதுவெதுப்பான நீரை விட்டால், கொதிக்க வைக்காமலேயே ஒரு பகுதி ஆவியாகிறது. ஆழத்துக் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குகிறது. மெம்பிரேனும் வேண்டாம், ரசாயனமும் அநேகமாக வேண்டாம், வெளியேறும் நீரில் உப்பு பெரிதாகக் கூடுவதும் இல்லை. பவளத் தீவுகள் செங்குத்தான கடலடி மலைகளின் உச்சியில் இருப்பதால், கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே அந்த ஆழம் கிடைத்துவிடுகிறது. நம் பாக் நீரிணையில் இதைக் கனவிலும் செய்ய முடியாது. அங்கே பெரும்பாலான இடங்களில் 10, 12 மீட்டருக்குள் தரை தட்டிவிடும்.

ஆனால் அந்தப் பம்புகளுக்கும் வெற்றிட இயந்திரத்துக்கும் மின்சாரம் டீசலிலிருந்துதான் வந்தது. இப்போது அதே வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டே மின்சாரமும் எடுத்து நிலையத்தை ஓட்டும் முயற்சியைக் கவரத்தியில் அந்தக் கழகம் மேற்கொண்டிருக்கிறது. ஆழ்கடலில் குழாய் இறக்கும் வேலை 500 பேர் தங்களுக்குள் பணம் திரட்டிச் செய்கிற அளவில் இல்லை. நாளுக்கு லட்சம் லிட்டர் எடுக்கும் திட்டத்துக்கு அது சரி, உங்கள் 8,000 லிட்டருக்குச் சரிப்படாது.

மேலூர்க்காரன்:

திருமங்கலத்து அண்ணனுக்கு வணக்கம். மேலூரிலிருந்து போய் 9 ஆண்டுகள் மாலத்தீவில் ஒரு சுற்றுலா விடுதித் தீவில் கடல்நீர் இயந்திரத்தை ஓட்டிவிட்டுத் திரும்பியவன் நான். ஏட்டுக் கணக்கை ஐயாவும் அம்மாவும் சொல்லிவிட்டார்கள். தீவில் இயந்திரம் எதனால் நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் இருந்த காலத்தில் வெயில் இல்லாமலோ டீசல் இல்லாமலோ தண்ணீர் நின்றது அநேகமாக இல்லை. ஒருமுறை உயரழுத்தப் பம்பின் ஒரு சீல் போய்விட்டது. உள்ளங்கையில் அடங்கும் பொருள். கடல் கொந்தளிப்பால் படகு வராமல் 11 நாள் காத்திருந்தோம். இன்னொரு முறை, மெம்பிரேனில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ரசாயனமான ஆன்டிஸ்கேலண்ட் தீர்ந்துவிட்டது. நான்கு நாள்தானே, அது இல்லாமலே ஓட்டு என்று மேலாளர் சொன்னார். விருந்தினர் நிறைந்திருந்தார்கள், எனக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. அந்த நான்கு நாளில் பிற்பகுதி மெம்பிரேன்களில் சுண்ணாம்பு படிந்து, அமிலம் விட்டுக் கழுவியும் பழைய அளவு திரும்பவே இல்லை. ஒரு லோடு ரசாயனத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வரிசை மெம்பிரேனை இழந்தோம்.

ஒற்றை இயந்திரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை நாடு முழுவதும் பார்த்தது 2014 டிசம்பரில். தலைநகர் மாலேயின் கடல்நீர் நிலையத்தில் தீப்பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது. இந்தியாவிலிருந்து விமானங்களில் தண்ணீர் வந்தது. கப்பலிலேயே நன்னீர் எடுக்கும் வசதி கொண்ட ஐ.என்.எஸ். சுகன்யாவும் வந்தது. நான் வேறு தீவில் இருந்தேன். எங்கள் தொட்டியில் எத்தனை நாள் தண்ணீர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக எல்லாரும் என்னிடம் வந்து கேட்டார்கள்.

அதனால் மணிக்கு 1,330 லிட்டர் தரும் ஒரே இயந்திரத்துக்குப் பதிலாக 660 லிட்டர் தரும் இரண்டை வையுங்கள். வெயில் குறைந்த நாளில் ஒன்றை மட்டும் முழு அழுத்தத்தில் ஓட்டலாம். இரண்டையும் அரைகுறை அழுத்தத்தில் ஓட்டினால் தண்ணீர் குறையும், உப்பு மட்டும் எப்போதும்போல் கசிந்துகொண்டே இருப்பதால் டி.டி.எஸ். ஏறிவிடும். ஒன்று பழுதானாலும் குடிக்கிற தண்ணீர் நிற்காது. சீல், கார்ட்ரிட்ஜ், ஒரு பம்பு, இரண்டு மெம்பிரேன், ஆறு மாத ரசாயனம், இவை தீவிலேயே பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்.

தண்ணீரைக் கடலிலிருந்து நேராக இழுக்காமல், கரையோர மணலில் கிணறு இறக்கி எடுங்கள். மணலே வடிகட்டிக் கொடுத்துவிடும். பாசியும் சொறிமுட்டையும் குழாயை அடைக்கிற தொல்லை தீரும். அந்தக் கிணறு ஊர்க் குடிதண்ணீர்க் கிணறுகளுக்குத் தொலைவில், கடலை ஒட்டி இருக்க வேண்டும். தீவின் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்துகொண்டிருக்கிறது. அருகில் போட்டு இழுத்தால் அந்த வில்லையைக் குலைத்துவிடுவீர்கள்.

இரும்புப் பொருள்களில் 316 ஸ்டீல் என்று சொல்லி உங்கள் தலையில் கட்டுவார்கள். உயரழுத்தக் கடல்நீரில் அது ஊசி குத்தியதுபோல் அரிக்கும், அரிப்பை நன்றாகத் தாங்கும் சூப்பர் டியூப்ளக்ஸ் ஸ்டீல் கேளுங்கள். ரிஜெக்ட் தண்ணீரில் லிட்டருக்கு 54 கிராம் உப்பு இருக்கும். அதைக் காயலுக்குள் விடாமல், பவளப் பாறை விளிம்பைத் தாண்டி அலை அடிக்கும் இடத்தில் விடுங்கள். காயலுக்குள் நீரோட்டம் குறைவு, கனத்த உப்புநீர் அடியில் படுத்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஐயாவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அந்த அழுத்தப் பரிமாற்றி பெரிய நிலையத்துக்கு ஏற்றது. சிறிய தீவில் அதற்குள் மணல் துகள் ஒன்று புகுந்துவிட்டால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். 10 கிலோவாட்டுக்குப் பதிலாக 20 கிலோவாட் பேனல் போட்டுவிடுங்கள். பேனலைப் பராமரிக்கத் துணியும் நல்ல தண்ணீரும் போதும்.

ஓய்வுபெற்ற பொறியாளர், கே.கே.நகர்:

மேலூர்த் தம்பி சொல்வதை முதலில் மறுக்கத்தான் உட்கார்ந்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8,000 லிட்டருக்குப் பரிமாற்றி இல்லாமல் 7 யூனிட் வீதம் 56 யூனிட். அதற்கு 14 கிலோவாட், மேகமூட்டத்துக்குக் கூட்டி 20 கிலோவாட். கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் என்றால் 200 சதுர மீட்டர். தென்னையை வெட்டாமல் பள்ளிக் கூரையிலேயே முடிந்துவிடும். நான் வேலையில் இருந்த காலத்தில் பேனல் விற்ற விலைக்கு இப்படிப் பேசியிருந்தால் அலுவலகத்தில் சிரித்திருப்பார்கள். இன்று பேனல் மலிந்துவிட்டதால், கூடுதல் பேனலால் எளிமையை விலைக்கு வாங்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 27,500 லிட்டருக்கு என்று யாராவது பெரிதாக்கினால் அங்கே கூரை போதாது, அப்போது பரிமாற்றிதான். எங்கே கோடு விழும் என்பது கூரையின் பரப்பைப் பொறுத்தது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் நரிப்பையூரில் நாளுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் கடல்நீர் ஆர்.ஓ. நிலையம் அமைத்தார்கள். அதே மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சோலார் பூங்கா வந்தது. இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், ஒன்றை மனத்தில் வைத்து மற்றொன்றை யாரும் திட்டமிடவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இது பேச்சுக்கு இடையே வந்தது, மன்னிக்கவும்.

திருமங்கலத்துத் தம்பிக்கு இன்னும் ஒன்று. வெளிவரும் தண்ணீரில் கால்சியம் அநேகமாக இருக்காது. குழாயை அரிக்கும், நாக்குக்கும் சப்பென்று இருக்கும். சுண்ணாம்புக்கல் துகள் நிரப்பிய ஒரு தொட்டி வழியாக விட்டு எடுங்கள். குளோரினைக் கடைசியில், தொட்டிக்குப் போகும் தண்ணீரில் மட்டும் சேருங்கள். மெம்பிரேனுக்கு முன்னால் குளோரின் பட்டால் அது போயே போயிற்று.

திருமங்கலத்தான்:

ஐயா, அம்மா, மேலூர்த் தம்பி, மூவருக்கும் நன்றி. ஒரு வாரத்தில் கணக்கு முழுவதும் மாறிவிட்டது. இப்போது என் தாளில் இருப்பது: மணிக்கு 660 லிட்டர் இயந்திரம் இரண்டு, பரிமாற்றி இல்லை, பள்ளிக் கூரையில் 20 கிலோவாட் பேனல், அலசுவதற்கு மட்டும் 5 யூனிட் பேட்டரி, 24,000 லிட்டர் தொட்டி, அதனோடு கூரை மழைநீருக்குத் தனியாக இன்னொரு தொட்டி. 55 கிலோவாட்டும் 150 யூனிட்டும் போன இடம் தெரியவில்லை.

நண்பரிடம் நேற்றிரவு பேசினேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் இருக்கும் எலக்ட்ரீஷியனையும் இன்னொரு இளைஞரையும் இரண்டு மாதம் இங்கே அனுப்பி வைப்பதாகச் சொன்னார். கப்பலூரில் என் பராமரிப்பில் உள்ள இயந்திரங்களில் பழகட்டும் என்று ஒப்புக்கொண்டேன். 12 கிலோ அழுத்தத்தில் பழகியவர்கள் 60 கிலோவைத் தொடும்போது பயம் இருக்க வேண்டும், அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்றுதான் யோசிக்கிறேன். நானும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொச்சியிலிருந்து கப்பல் ஏறிப் போக வேண்டும், மழைக்காலம் முடியட்டும் என்றார்.

அதற்குள் ஒரு டி.டி.எஸ். மீட்டரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஊர்க் கிணறுகள் அனைத்திலும் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வைக்கச் சொன்னேன். எந்தக் கிணறு எந்த மாதத்தில் எவ்வளவு உப்பேறுகிறது என்று தெரிந்தால், இயந்திரம் ஆண்டில் எத்தனை மாதம் ஓட வேண்டும் என்பதே தெளிவாகிவிடும்.

மேலூர்க்காரன்:

அண்ணன், வாரம் ஒருமுறை என்று மட்டும் சொன்னால் அவர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் அளப்பார்கள். கடல் ஏற்றத்திலும் வற்றத்திலும் கிணற்று மட்டமும் ஏறி இறங்கும், உப்பும் மாறும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஏற்றத்தின்போது ஒரு முறை, வற்றத்தின்போது ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். அளந்த மணியையும் பக்கத்தில் எழுதட்டும். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் அளவீட்டுக் கரைசல் புட்டியையும் சேர்த்து அனுப்பினீர்களா?

திருமங்கலத்தான்:

அனுப்பவில்லை தம்பி. நாளைக்கே இன்னொரு பார்சல் போடுகிறேன்.